ஏழு துளைப் பலகை

மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோவில் என் மகன் வீட்டு மாடியில் பொம்மை ரயில் ஓடப்போகிறது. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேசையைச் செய்து போட்டான். அதன் பிறகு ரயிலை எந்தக் கருவியை வைத்து ஓட்டுவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். போன சனிக்கிழமை அதை விற்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

வயதானவர்களிடம் உரக்கப் பேச வேண்டும் என்று அந்தத் தம்பி எங்கோ பழகியிருக்கிறார். "ஆன்ட்டி, இது டிஜிட்டல். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரக் கூப்பிட்டா அது மட்டும்தான் கேக்கும், மத்தது எல்லாம் சும்மா நிக்கும்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எண்ணைக் கூப்பிட்டால் அந்த ஆள் மட்டும் கேட்பது என்பது நான் இருபத்து மூன்று வயதில் மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்த வேலை. அதே வேலையை ரயிலுக்கும் செய்யலாம் என்று மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த ஆண்டே மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் செய்து காட்டியவள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படாமல் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அப்போது என் கணவர் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா. ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் ரயில்வே என்றுதான் சொல்வார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் மலாக்காவிலிருந்து தம்பின் என்கிற ஊர் வரைக்கும் ரயில் ஓடியது. மலாக்கா ஸ்டேஷனில் அவர் மீசை அரும்பிய வயதிலேயே சிக்னல் வேலைக்குச் சேர்ந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் சயாமில் போடுகிற பாதைக்கு வேண்டும் என்று எங்கள் ஊர்த் தண்டவாளத்தைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போனான். பிறகு எஸ்டேட்டுகளிலிருந்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனான். அந்த ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகும் அந்தப் பாதையை யாரும் மறுபடி போடவில்லை, மலாக்கா பஸ் ஊராகிவிட்டது.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பித்தளைத் தடி இருந்தது. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன், இரண்டு முனையிலும் கொஞ்சம் வீங்கி இருக்கும். அதன் பெயர் டோக்கன். ஒற்றைப் பாதையில் இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஒரு ஏற்பாடு. டோக்கன் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் பாதையில் இறங்கக்கூடாது. வண்டி வந்து சேர்ந்ததும் சிக்னல்காரர் அதை வாங்கி ஸ்டேஷனில் உள்ள இரும்புப் பெட்டியில் போட வேண்டும். போட்டால்தான் பாதை காலியாகிவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வண்டி வந்த அன்று என் கணவர் டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினால், அந்த இரும்புப் பெட்டியைக் காலையிலேயே பெயர்த்துக்கொண்டு போய்விட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனுஷர். அவரிடம் நீட்டியிருக்கிறார். "என்னட்டைத் தராதையும். உம்மட கையிலயே வைச்சிரும். திருப்பிக் குடுக்க ஒரு இடம் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பதினைந்து வருஷமாக அந்த இடம் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி என் கணவர் டோக்கனை எடுத்து, புளி போட்டுத் துலக்கி, மறுபடி சுற்றி வைப்பார். வீட்டுக் குத்துவிளக்கை எனக்கு விட்டுவிடுவார், அதை மட்டும் என்னைத் தொட விடமாட்டார். "அந்த வண்டி இன்னும் வந்து சேரலையாங்க?" என்று நான் கிண்டல் செய்வேன். சில வருஷம் சிரிப்பார். சில வருஷம் சிரிக்கமாட்டார், அப்போது நானும் வாயை மூடிக்கொள்வேன்.

மெர்டேக்கா நெருங்க நெருங்க வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு துரை தன் பிள்ளைகளின் ரயில் செட்டை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு எஞ்சின், எட்டுப் பெட்டி, ஒரு மூட்டை தண்டவாளம், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு கருவிகள். அதே நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் மெர்டேக்கா வாரத்தில் மண்டபத்தில் ஊர்க் கண்காட்சி ஒன்று வைப்பதாகச் சொல்லி, எங்கள் தெருவாசிகளிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தார். என் கணவர் மலாக்கா தம்பின் பாதையையே மேசைமேல் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், சிரம்பானில் இருந்த பழைய ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கடிதம் எழுதிவிட்டார்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. வருவதாக எழுதியிருந்தார். ஆனால் ஒரு வண்டியை வைத்துச் சுற்றிச் சுற்றி விடுவதாக இருந்தால் தனக்குச் சொல்லத் தேவையில்லை, போகிற வண்டியும் வருகிற வண்டியும் நடு ஸ்டேஷனில் மாறிப்போக வேண்டும், அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்றும் எழுதியிருந்தார். என் கணவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். எங்க லைனில் ஒரு நாளும் வண்டி முட்டினதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் அவர். அந்தப் பெரியவர் முன்னால் மேசைமேல் முட்டிவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் எதை வைத்து ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. மாதிரி ரயிலில் மின்சாரம் தண்டவாளத்தில்தான் ஓடும். தண்டவாளத்தில் எத்தனை எஞ்சின் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஓடும், எல்லாம் சேர்ந்து நிற்கும். ஒன்று போக ஒன்று நிற்க வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். எங்கள் பாதையை ஏழு துண்டாக்கினோம். மலாக்கா முனை ஒன்றாம் எண், தம்பின் முனை ஏழாம் எண், நடு ஸ்டேஷனில் இரண்டு வழி. அந்த ஏழு துண்டையும் யார் எப்படித் திறந்து மூடுவது என்பதுதான் பேச்சு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறிய தமிழ் வம்சம். பவர் ஹவுஸில் வயர் வேலை. கோயில் திருவிழாவில் எங்களுக்கு முன்னால் நிற்பார், ஆனால் தமிழ் பேச வராது. சாமி பெயரும் உறவுமுறையும் சில பலகாரமும் தவிர மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான். அவர் மலாயில் பேச, நாங்கள் பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பதில் சொல்வோம், அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைப்போம் என்றார் அவர். மேலே தள்ளினால் என் கணவரின் கருவியிலிருந்து மின்சாரம், கீழே தள்ளினால் இன்னொரு வண்டியை ஓட்டப்போகிற அவருடைய கருவியிலிருந்து. இங்கிலீஷ் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. என் கணவருக்கும் அது பிடித்துவிட்டது, ஸ்டேஷன் நெம்புகோல் மாதிரி இருக்கும் என்றார்.

நான் காப்பி கொடுக்க வந்தவள், தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு அந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை. ஏழு சுவிட்சும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது மேலே எது கீழே என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒன்றை மாற்ற மறந்தால் என் கணவரின் வண்டி பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஓடும். எக்ஸ்சேஞ்சில் அப்படி ஒரு சுவிட்சைத் தள்ள மறந்து, ஒருவர் பேச்சை இன்னொருவருக்குக் கேட்கவைத்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எங்களைக் காப்பாற்றியது கயிறுதான். முனையில் பிளக் வைத்த வயரைத்தான் நாங்கள் கயிறு என்போம். எந்தக் கயிறு எந்தத் துளையில் நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

பலகையில் ஏழு துளை போடலாம், துண்டுக்கு ஒன்று என்றேன். என் கணவர் கருவிக்குச் சிவப்புக் கயிறு இரண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கருவிக்குக் கறுப்புக் கயிறு இரண்டு. வண்டி எந்தத் துண்டில் போக வேண்டுமோ அந்தத் துளையில் பிளக்கைச் செருகுவது. வண்டி அடுத்த துண்டுக்குப் போகும்போது பின்னால் இருக்கும் கயிற்றைப் பிடுங்கி முன்னால் செருகுவது, ஏணியில் கை மாற்றி ஏறுவதுபோல. பிளக் இல்லாத துண்டில் மின்சாரமே இல்லை, வண்டி தானாக நிற்கும். ஒரு துளையில் ஒரு பிளக்தான் போகும், ஆக ஒரு துண்டில் ஒருவர் கைதான் இருக்க முடியும்.

எக்ஸ்சேஞ்சில்கூட இவ்வளவு பத்திரம் கிடையாது. அங்கே ஒரே எண்ணுக்குப் பல பெண்கள் முன்னாலும் துளை இருக்கும், வேறு யாராவது செருகியிருக்கிறார்களா என்று பிளக் முனையால் தட்டி, காதில் டிக்கென்று கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் செருகுவோம். நான் அந்தக் குறையை நீக்கிவிட்டேன். இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, காப்பி ஆறுது குடிங்க என்றேன்.

என் கணவர் காப்பியை எடுத்துக்கொண்டே, "ஒரு துளைக்கு ஒரு பிளக்கு. ஒரு பாதைக்கு ஒரு டோக்கன் மாதிரிதான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு கயிறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எக்ஸ்சேஞ்சில் தேய்ந்துபோன கயிறுகளை வாரம் ஒருமுறை குப்பையில் போடுவார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, குப்பைக்கும் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்கிற ரகம். நானும் எழுத்திலேயே கேட்டேன். ரயிலுக்கு என்று எழுதியதை அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் துளை போட்டு, துளைக்கு மேல் எண் எழுதி, பின்பக்கம் வயரைப் பக்கத்து வீட்டுக்காரர் இணைத்தார். நான் எக்ஸ்சேஞ்சில் எப்படி உட்காருவேனோ அப்படியே பலகையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எனக்கு முதுகுப் பக்கம் மேசை. ஆளுக்கு ஒரு கருவியோடு இரண்டு ஆண்களும் மேசையின் இரண்டு முனையில். வண்டி நகர வேண்டுமானால் அவர்கள் என்னைக் கேட்க வேண்டும். "லைன் கிளியரா?" என்பார் என் கணவர். "நம்பர் ப்ளீஸ்" என்பேன் நான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று என்பார், நான் மூன்றில் செருகுவேன். அவர் என்னிடம் அனுமதி கேட்டு ஓட்டிய அந்த நாட்களை நான் ரொம்பவே ரசித்தேன், அதை மறைத்ததும் இல்லை.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டி முட்டியது. ஞாயிற்றுக்கிழமை பகல். என் கணவரின் வண்டி தம்பினிலிருந்து ஐந்தாம் துண்டு வழியாக நடு ஸ்டேஷனுக்குள் வந்தது. இன்னொரு வழியில் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி, கறுப்புக் கயிற்று வண்டி, அதே ஐந்தாம் துண்டில் தம்பினுக்குக் கிளம்ப வேண்டும். எஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டேன். சத்தம் நின்றால் என் கைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எக்ஸ்சேஞ்சில் பேச்சு முடிந்து ஒரு விநாடி தாமதித்தாலும் மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். என் கை ஐந்திலிருந்து சிவப்பைப் பிடுங்கியது, கறுப்பைச் செருகியது. அடுத்த நிமிஷம் படாரென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கடைசிப் பெட்டி சிமெண்டுத் தரையில் கிடக்கிறது.

எஞ்சின் ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டது, ஆனால் வால் வரவில்லை. என் கணவர் ஒரு சாண் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார், கடைசிப் பெட்டி ஐந்தாம் துண்டிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெட்டி மேல்தான் கறுப்பு எஞ்சின் போய் மோதியது. அவர் என்னைத் திட்டவில்லை. பெட்டியை எடுத்து, உடைந்த கொக்கியைத் தடவிப் பார்த்தார். "சுவிட்சே போட்டுடலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுவிட்ச் வைத்தால் மட்டும் வாலைப் பார்க்குமா, அதற்கு என்ன கண்ணா இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சாண் குறைத்து நிறுத்தியது யார் என்றும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் "தா பாயா சூசா, தா பாயா சூசா" என்றார், அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று. நான் அலட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனேன். ஒரு குடம் தண்ணீரை வேலையில்லாமல் இன்னொரு குடத்தில் ஊற்றினேன்.

ஆனால் தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். அது என் தொழிலின் தப்பு. நான் இணைத்துப் பேசவைத்த ஒரு மனுஷரையும் நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதால் மட்டுமே ஊரை அறிந்தவள். அதனால்தான் ரயில் பலகையையும் யோசிக்காமல் சுவரைப் பார்த்து வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் விடமாட்டார்கள்.

ஈரக் கையோடு திரும்பி வந்து என் கணவரிடம் கேட்டேன். "உங்க லைன்ல கடைசிப் பெட்டி வந்துருச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"வால் விளக்கு. கடைசிப் பெட்டி பின்னால செவப்பு விளக்கு இருக்கும். அதக் கண்ணால பாக்காம டோக்கன பெட்டியில போடக் கூடாது. வண்டி வந்தது கணக்கில்ல, வால் வந்தாத்தான் வந்தது."

இதை இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரயில்வேக்காரனுக்கு மூச்சு விடுவதைச் சொல்லிக் கொடுப்பார்களா என்றார். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் நகச்சாயப் புட்டியை எடுத்து இரண்டு வண்டியின் கடைசிப் பெட்டியிலும் பின்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பிறகு பலகையைச் சுவரிலிருந்து எடுத்தோம். மேசைக்கு நேர் எதிரே சாய்வாகப் படுக்க வைத்து, அதற்குப் பின்னால் நான் மேசையைப் பார்த்து உட்கார்ந்தேன். சிவப்புப் பொட்டைப் பார்க்காமல் கயிற்றைப் பிடுங்குவதில்லை என்று என் கைக்கு வாய் விட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் இருபது முறை வண்டிகள் மாறிப்போயின. ஒரு முறைகூட முட்டவில்லை. என் கணவர் சுவிட்ச் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அப்புறம் ஒன்பது நாளில் நான் இன்னொரு வேலை செய்தேன், அவருக்குத் தெரியாமல். பலகை முழுவதற்கும் ஒரு மெயின் சுவிட்ச் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பவர் ஹவுஸில் கழித்துப்போட்ட பழைய கத்தி சுவிட்ச் அது. கைப்பிடியோடு ஒரு செப்புத் தகடு, அதைக் கவ்விக்கொள்ள இரண்டு பித்தளைக் கவ்விகள். தகடு கவ்விகளுக்குள் இறங்கினால் மின்சாரம் வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு டோக்கனை எடுத்து நூலால் அளந்தேன். அளந்த நூலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, தகட்டை எடுத்துவிட்டு, கவ்விகளை இந்த நீளத்துக்குத் தள்ளி வைத்துத் தரச் சொன்னேன். பன்னிரண்டு வோல்ட்தான், தொட்டாலும் கடிக்காது. அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்காட்சிக்கு முந்திய நாள் கவ்விகள் தயார்.

நான் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷம் யாரையும் தொட விடாத பொருள். நான் கேட்காமல் எடுத்திருக்கிறேன். ஊர் நடுவே அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் ஒரு வண்டியும் நகராது, அதுவும் அந்தப் பெரியவர் முன்னால். மெயின் சுவிட்சைப் பழையபடி வைத்துவிடலாமா என்று காலையில் பல் துலக்கும்போதுகூட யோசித்தேன். பிறகு கைப்பைக்குள் டோக்கனை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கூட்டம். பக்கத்துத் தெங்கேராப் பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் மேசையைச் சுற்றி மூன்று வரிசை. தேங்காய் நாரில் செய்த ரப்பர் மரங்களையும் தீப்பெட்டி ஸ்டேஷனையும் பார்த்து, பழைய லைன்காரர்கள் நான்கைந்து பேர் இது இங்கே இல்லை அங்கே இருந்தது என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வரிசையில் நாற்காலியில் இருந்தார். வெள்ளைக் கோட்டு, கைத்தடி, மெலிந்துபோயிருந்தார். அவர் மேசையைப் பார்த்ததைவிட என் பலகையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

என் கணவர் தன் கருவியின் பக்கம் நின்று, கரண்ட் கொடு என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சைகை காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரோ என்னைப் பார்த்தார். நான் எழுந்து, வேட்டித் துணியில் சுற்றியதை எடுத்து, என் கணவர் முன்னால் பலகைமேல் வைத்தேன். துணியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு அவர் கண் அந்த இரண்டு கவ்விகளின் மேல் போனது. கவ்விகளுக்கு நடுவே ஒரு சாண் காலி இடம்.

மண்டபத்தில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவருக்குத்தான் புரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கைத்தடியை ஊன்றி எழுந்து பலகைக்கு அருகில் வந்தார்.

"இடம் வந்திட்டுது. வையும்" என்றார்.

என் கணவர் துணியை அவிழ்த்தார். சட்டை நுனியால் டோக்கனை ஒரு தடவை துடைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கவ்விகளுக்குள் அழுத்தினார். பலகையில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. அவர் கை டோக்கனிலிருந்து உடனே வரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் வேலை நேரத்தில் துடைத்துக்கொண்டிருக்க முடியாது, இரண்டு கையிலும் கயிறு.

"லைன் கிளியரா?" என்று கேட்டார் அவர்.

அன்றைக்கு நான் நம்பர் கேட்கவில்லை. கிளியர் என்று சொல்லி ஏழில் சிவப்பைச் செருகினேன். தம்பினிலிருந்து அவர் வண்டி கிளம்பியது, மலாக்காவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கிளம்பியது. நடு ஸ்டேஷனில் ஒன்று நிற்க ஒன்று வந்தது. சிவப்புப் பொட்டு உள்ளே வரும்வரை என் கை ஐந்தைத் தொடவில்லை. பொட்டு வந்தது, பிடுங்கினேன், கறுப்பைக் கொடுத்தேன். வண்டிகள் ஒன்றையொன்று கடந்து போனபோது பழைய லைன்காரர் ஒருவர் கை தட்டினார், பிறகு மண்டபமே தட்டியது. என் கணவரின் வண்டி மலாக்காவில் வந்து நின்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் என் கணவரைப் பார்த்து, "கடைசிப் பெட்டி?" என்று கேட்டார். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தேன் ஐயா. முழுசா வந்துருச்சு" என்றேன் நான்.

அவர் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் மேசையை மொய்த்தது. இந்தக் கயிற்று வேலை யாருடையது என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லோரும் பவர் ஹவுஸ்காரர் பக்கம்தான் திரும்பினார்கள், அவர் தலையை ஆட்டி மறுத்தார். என் கணவர் என்னைக் காட்டி, "எக்ஸ்சேஞ்ச் அவங்களோடது. நாங்க ரெண்டு பேரும் டிரைவருங்க" என்றார். வீட்டில் என்னை நீ என்று கூப்பிடுகிறவர், ஊர் முன்னால் அவங்க என்றார். கல்யாணத்துக்குப் போட்ட நகையெல்லாம் சேர்த்தாலும் எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு ஈடில்லை. டோக்கனைக் கேட்காமல் எடுத்ததற்காக அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினார், அது வேறு விஷயம். ஆனால் அதைத் திரும்ப டிரங்குப் பெட்டியில் வைக்கவில்லை. பலகையிலேயே விட்டுவிட்டார், அடுத்த தீபாவளிக்குப் புளியை என்னிடம் கொடுத்தார்.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. பலகை என் அறையில் அலமாரிக்கு மேலே இருக்கிறது.

விற்க வந்த தம்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எஞ்சினுக்கு நம்பர் இருக்கிறது, சரி. கடைசிப் பெட்டி வந்துவிட்டது என்று உங்கள் டிஜிட்டலுக்கு எப்படித் தெரியும்? தம்பி விலைப் பட்டியலைப் புரட்டினார். அதற்குத் தனியாக இன்னொரு கருவி வாங்கிப் பெட்டிச் சக்கரங்களிலும் மாட்ட வேண்டும் ஆன்ட்டி என்றார், குரலைத் தணித்து. என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

டிஜிட்டலே வாங்கு என்று மகனிடம் சொல்லிவிட்டேன், அந்த இன்னொரு கருவியும் சேர்த்து. நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. மெயின் சுவிட்ச் மட்டும் வேண்டாம், அந்த இடத்தில் இதை வை என்று சொல்லி, என் அறையிலிருந்து டோக்கனையும் கவ்விகளையும் கொண்டுவரச் சொன்னேன். தம்பி அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். இந்த மாதிரி பழைய சாமானுக்கு ஸ்பேர் கிடைக்காதே, தொலைந்துபோனால் மொத்த ரயில் லேஅவுட்டும் நின்றுபோகுமே என்று கவலைப்பட்டார்.

"தொலையாது தம்பி" என்றேன். "ஜப்பான்காரன் காலத்துலயே தொலையல."